பெனாசிர் வெட்டிய ஒரே காட்சி

அதெல்லாம் சுத்தப் பொய். பெனாசிர் சினிமாவில் ஒரு முத்தத்தைக்கூட வெட்டியதில்லை. முத்தம் என்ன, கதாநாயகன் சட்டையைக் கழற்றுகிற இடத்தைக்கூட வெட்டியதில்லை. கத்தரிக்கோலும் கையுமாக இருட்டறையில் உட்கார்ந்து கண்ட படத்தையும் பார்த்தாள் என்று விருதுநகரில் இன்னும் யாராவது சொல்லிக்கொண்டு திரிந்தால், அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உட்காரவைத்து, ஒரு டீயும் கொடுத்து (சீனி போடாத டீதான்), நடந்ததை நடந்தபடி சொல்லலாம். கேட்ட பிறகும் அதையே சொன்னால், அது அவர்கள் வாயில் உள்ள கோளாறு. பெனாசிர் பேரில் ஒரு கோளாறும் இல்லை.

அவள் வெட்டியது ஒன்றே ஒன்றுதான். அதைத் தன் வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில், தெருவே பார்த்திருக்க வெட்டினாள். அதை வெட்டியதால்தான் அவளால் அந்த வாசலைத் தாண்ட முடிந்தது. ஆனால் இந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்று முதலில் சொல்லியாக வேண்டும். அது பிறந்த இடம் மாவு மில்.

பெனாசிரின் அத்தா, அதாவது அப்பா, கமாலுதீனுக்கு வீடு விருதுநகரில், ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை சிவகாசியில். பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அடித்துக் கொடுப்பார். எம். புதுப்பட்டியில் இருந்துகூட ஆர்டர் வரும். வெளியில் அவர் முதலாளி. வீட்டில் அவர் பேச்சு இரண்டாவதுதான். முதல் பேச்சு அவருடைய அக்கா பைரோஜாவுடையது; பெனாசிர் அவளை மாமி என்பாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். புருஷன் மவுத்தான பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். அவள் சொல்லாமல் அந்த வீட்டில் உலை ஏறாது. கமாலுதீனின் மனைவி ஹாதியாவுக்கு அதில் வருத்தமும் கிடையாது. பொறுப்பு இல்லாத வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பாள்.

பைரோஜாவுக்குச் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிற பழக்கம் இல்லை. ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமையைத் திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டாள். அன்று பொழுது சாய்கிற வரை வீட்டைத் திங்கட்கிழமையாகவே நடத்தினாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவைத்தாள். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, "வாத்தியாருக்கு நாள் தெரியல போல," என்றாள்.

இப்படிப்பட்ட மாமியின் நாக்கிலேயே ஒரு நாள் கரண்டு வைத்தவள் பெனாசிர். அப்போது அவளுக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். ரேடியோவின் சதுர பேட்டரியைக் கழற்றி, அதன் இரண்டு குமிழையும் நாக்கில் ஒட்டிப் பார்ப்பது அவள் பழக்கம். சுருக்கென்று புளிக்கும். கரண்டு ஏன் புளிக்கிறது என்று வீட்டில் எல்லோரையும் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. தெரியாதவர்களையெல்லாம் நாக்கை நீட்டச் சொல்லிக் காட்டினாள்.

"மாமி, புது மிட்டாய் வந்திருக்கு. கண்ண மூடிக்கிட்டு நாக்க நீட்டுங்க."

மிட்டாய் என்ற சொல் காதில் விழுந்தால் பைரோஜாவுக்குக் கண் தானாகவே மூடும். மூடியது. அடுத்த நொடி கூரை அதிர்ந்தது.

"யா அல்லா! நாக்குல தேளை விட்டுட்டாளே சண்டாளி!"

அன்று விழுந்த அடி பெனாசிருக்கு மறந்துவிட்டது. கேள்வி மறக்கவில்லை. உடம்புக்கும் கரண்டுக்கும் என்ன பேச்சுவார்த்தை என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். விருதுநகரில் கெமிஸ்ட்ரி படித்தாள், மதுரையில் மேல்படிப்புப் படித்தாள், இரண்டாயிரத்து ஒன்றில் காரைக்குடியில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அங்கே எடுத்துக்கொண்ட பாடத்துக்கு பயோ சென்சார் என்று பெயர்.

வீட்டில் வந்து அதைச் சொன்னாள். பைரோஜா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் மாவு மில்லில் எதிர்வீட்டு சொர்ணலட்சுமி பிடித்துக்கொண்டாள். சொர்ணலட்சுமி நல்லவள்தான். கேட்ட செய்தியை வயிற்றில் வைத்திருந்தால் அவளுக்குச் செரிக்காது, அவ்வளவுதான்.

"பைரோஜாக்கா, பெனாசிரு காரைக்குடிக்கா போறா? என்ன படிப்பாம்?"

மில் ஓடிக்கொண்டிருந்தது. பைரோஜா குரலை உயர்த்திச் சொன்னாள்: "பயாஸ்கோப்பு சென்சாரு!"

"அப்பிடின்னா?"

"என்ன இப்பிடிக் கேக்குறே? படம் போடுறதுக்கு முன்னால ஒரு சர்ட்டிபிகேட்டு காட்டுவான்ல. அது."

சொர்ணலட்சுமி கேழ்வரகுத் தூக்கை இறக்கி வைத்தாள். "அப்ப, வெட்டுறதுக்கு முன்னால அம்புட்டையும் இவ பாக்கணும்லக்கா?"

பைரோஜா அதை யோசிக்கவில்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது. "பாக்காம எப்பிடி வெட்டுறது?" என்றாள்.

அன்று அரைத்த மாவு சூடு ஆறுவதற்குள் செய்தி தெப்பக்குளம் வரைக்கும் போய்விட்டது. கமாலுதீன் மகள் வெட்ட வேண்டிய காட்சியெல்லாம் பார்க்கப் போகிறாளாம்.

பெனாசிர் ஓடி வந்து திருத்தத்தான் பார்த்தாள். "மாமி, அந்த சென்சார் வேற, இந்த சென்சார் வேற."

"ரெண்டும் ஒன்னாத்தானடி கேக்குது?"

"இங்கிலீசுல எழுத்து வேற மாமி."

"நான் எழுத்தையா பாத்தேன்? காதுல விழுந்ததைச் சொன்னேன். காதுல விழுந்தது சென்சாரு. அம்புட்டுத்தான்."

இதற்கு மேல் எந்த ஆராய்ச்சிக்காரரால் என்ன செய்ய முடியும்? பெனாசிர் விட்டுவிட்டாள். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலாவது தேவலை. அவளுக்கு அந்தக் குறும்பு அடங்கவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் சொர்ணலட்சுமி வாசலில் நிறுத்திக் கேட்பாள்.

"என்னத்தா, இந்தத் தடவை என்னத்த வெட்டுன?"

"பெருசா ஒன்னுமில்ல அத்தை. ஒரு படத்துல மாமியாரு மொதத் தோசைய மருமகளுக்குக் குடுக்குற மாதிரி எடுத்திருந்தான். ஊர்ல நடக்காததை எதுக்குக் காட்டணும்? வெட்டிட்டேன்."

சொர்ணலட்சுமி வயிறு குலுங்கச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, தோசையை விட்டுவிட்டு, வெட்டினாள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவாள். "நான் எங்காதால கேட்டேன். அவளே சொன்னா."

காரைக்குடியில் அவள் உண்மையில் செய்தது இதுதான். ஒரு துளி ரத்தத்தை வைத்து அதில் எவ்வளவு சர்க்கரை என்று சொல்கிற சின்னப் பட்டையைச் செய்ய முயன்றாள். அந்த மாதிரிப் பட்டை கடையில் இல்லாமல் இல்லை. ஆனால் வெளிநாட்டில் இருந்து வரும், எல்லோராலும் வாங்க முடியாது. இங்கேயே, இங்கே கிடைக்கிற சாமானில் செய்ய முடியுமா என்பதுதான் அவள் கேள்வி. பூசணத்தில் இருந்து எடுக்கிற ஒரு சத்து உண்டு. அது சர்க்கரையைத் தவிர வேறு எதையும் தொடாது. சர்க்கரையைத் தின்னும்போது இத்துனூண்டு கரண்டு சிந்தும். பட்டையில் உள்ள கரிக்கோடு அந்தக் கரண்டை ஏந்திக்கொண்டு போய்ப் பெட்டியில் சேர்க்கும். பெட்டி நம்பர் சொல்லும். சின்ன வயதில் நாக்கு செய்த வேலையை இப்போது ஒரு பிளாஸ்டிக் துண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு லீவில் அந்தச் சத்தைக் குப்பியில் கொண்டுவந்து வீட்டு பிரிட்ஜில் வைத்தாள். ஹாதியா கேட்டாள்: "இது எதுலருந்து எடுத்ததுத்தா? ஆகுமானதுதான, ஹலாலுதான?"

"பூசணத்துலருந்தும்மா."

"ஆத்தாடி! ஊறப்போட்ட கறிக்குப் பக்கத்துல பூசணத்தையா வச்சிருக்கே?"

குப்பி மூன்று பாலிதீன் பைக்குள் போய், அதற்கு மேல் ஒரு டப்பாவுக்குள் போய், டப்பாவுக்கு மேல் ஒரு கல்லும் ஏறியது. பூசணம் எழுந்து வந்து கறியைத் தின்றுவிடும் என்று ஹாதியா நினைத்தாளோ என்னவோ.

கரிக்கோடு போடுவதற்குத்தான் அத்தாவிடம் போனாள். தீபாவளி சீசன் முடிந்தால் சிவகாசிப் பட்டறைகள் கொஞ்சம் மூச்சு விடும். ஸ்டிக்கர் அடிக்கிற அதே சட்டம், அதே வலைத்துணி, அதே ரப்பர் பட்டை. மை மட்டும் வேறு. கரி மையும் வெள்ளி மையும் அவள் கொண்டுவந்தாள். மூன்று கோடு, ஒன்றை ஒன்று தொடக் கூடாது. கமாலுதீன் ஒரே இழுப்பில் இழுத்துத் தாள் தாளாக அடித்துக் கொடுத்தார். கோடு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி இருந்தது.

பெனாசிர் அதைக் காரைக்குடிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தாள். சர்க்கரைத் தண்ணீருக்கும் ஒரே நம்பர், பச்சைத் தண்ணீருக்கும் ஒரே நம்பர். தண்ணீரே இல்லாவிட்டாலும் அதே நம்பர். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பட்டையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். மூன்று கோட்டையும் சுற்றித் தொட்டபடி, வெள்ளி மையில், தலைமுடி கனத்தில், அழகான பூ வேலைப் பார்டர்.

அடுத்த பஸ்ஸில் சிவகாசிக்கு வந்துவிட்டாள். "அத்தா, யாரு பார்டர் போடச் சொன்னா?"

"லேபிள்னா பார்டர் வேணும்லத்தா. பார்டர் இல்லாம அனுப்புனா, கமாலுதீன் பட்டறையில சட்டை இல்லாம வெளிய விடுறான்னு பேசுவாக."

"அத்தா, இது லேபிள் இல்ல. கரண்டு பூராவும் உங்க பூவையே சுத்திக்கிட்டுக் கெடக்கு. எங்கிட்ட வரவே மாட்டேங்குது."

கமாலுதீன் பட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அழகுக்கு மயங்கிருச்சு போல," என்றார்.

அப்புறம் பார்டர் இல்லாமல் அடித்துக் கொடுத்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. வெட்டுகிற கோட்டுக்கு வெளியே, எப்படியும் குப்பைக்குப் போகிற ஓரத்தில், தாளுக்குத் தாள் ஒரு பூ வேலை போட்டுவிடுவார். பெனாசிரும் கண்டுகொள்ளவில்லை. பட்டை வேலை செய்தது. கட்டுரைகள் வெளியாயின, டாக்டர் பட்டமும் வந்தது. பைரோஜா தெருவில் எல்லோருக்கும் சொன்னாள்: "எங்க பெனாசிரு சென்சாருல டாக்டர் ஆயிட்டா."

இரண்டாயிரத்து எட்டில் சுவீடன் தேசத்தில் இருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. உடம்பும் மின்சாரமும் பேசிக்கொள்கிற மொழியை மட்டுமே ஆராய்கிற கூடம். அப்படிப்பட்ட ஒரு இடத்துக்காகத்தான் அவள் பேட்டரியை நாக்கில் வைத்த நாளில் இருந்து காத்திருந்தாள். ஆனால் அதே வாரம் இன்னொன்றும் வந்தது.

தங்கப்பாண்டியன் என்று ஒருவன். அந்த வட்டாரத்து ரசிகர் மன்றச் செயலாளர். அவனுடைய நடிகரின் புதுப் படத்தில் ஒரு பாட்டு இல்லை. நீளம் என்று படக்காரர்களே எடுத்திருந்தார்கள். தங்கப்பாண்டியனுக்கு அது சென்சாரின் சதி. ஆட்களைக் கூட்டிக்கொண்டு மாலையோடு பெனாசிர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"அக்கா, நீங்க மனசு வைக்கணும். தலைவரு அந்தப் பாட்டுல ஒட்டகத்து மேல நின்னு ஆடுறாரு. அதப் பாக்காம பயலுக சோறு திங்க மாட்டேங்கிறாங்க."

பெனாசிர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டாள். "ஒட்டகம் சம்மதிச்சதா?"

"சம்மதிச்சுத்தான்க்கா ஆடுச்சு."

"சரி, பாக்குறேன்."

அவள் சொன்னது அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை, தியேட்டரில் கூட்டம் குறைந்ததைப் பார்த்துப் படக்காரர்களே அந்தப் பாட்டைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். அதற்கு மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டு எதிரில் மூன்று ஆள் உயரத்தில் பிளக்ஸ் நின்றது. 'எங்கள் தலைவனின் ஒட்டகப் பாடலை மீட்டுத் தந்த சென்சார் சகோதரி டாக்டர் பெனாசிர் அவர்களுக்குக் கோடானுகோடி நன்றி.' ஒரு பக்கம் நடிகர், ஒரு பக்கம் ஒட்டகம்.

சிவகாசி பஸ் ஏறப் போன கமாலுதீன் அதைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தார். பள்ளிவாசலில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்களாம். சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தா, உங்களுக்குத் தெரியும்ல நான் என்ன வேலை பாக்குறேன்னு?" என்றாள் பெனாசிர்.

"எனக்குத் தெரியும்த்தா. பட்டை அடிச்சுக் குடுத்ததே நான்தானே. சுவீடனுக்குப் போறதுக்கு நான் குறுக்க நிக்கல. மாமிட்ட கேளு. அக்கா சரின்னா எனக்குச் சரி."

பைரோஜா கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கேட்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

"முடியாது. உள்ளூர்ப் படத்துக்கே ஊரு ஒட்டகத்தை வச்சுப் பேசுது. வெள்ளைக்காரன் படத்துல வெட்டுறதுக்கு எம்புட்டு இருக்கும்? அம்புட்டையும் நீ உக்காந்து பாக்கணுமா?"

"மாமி, நான் படமே பாக்குறதில்ல."

"ஏழு வருசமா வெட்டுனேன் வெட்டுனேன்னு யாரு சொன்னா? சொர்ணம் சாட்சி."

பெனாசிர் விட்ட குறும்பு எல்லாம் ஒன்றுசேர்ந்து வாசலில் வந்து நிற்கிறது. மாமியின் சம்மதம் இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற பெண் இல்லை அவள். போனால் அத்தா உடைந்துபோவார். மாமி சம்மதிக்க வேண்டுமானால், மாவு மில்லில் சொன்னது தப்பு என்று மாமி ஒப்புக்கொள்ள வேண்டும். அது நடக்காத காரியம். பைரோஜாவைப் பொறுத்தவரை அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றைக்கும் திங்கட்கிழமைதான்.

கடைசியில், கண்ணால் பார்த்தாலாவது ஊர் நம்பும், ஊர் நம்பினால் மாமி இறங்கி வருவாள் என்று முடிவு செய்தாள். தெருவில் சொர்ணலட்சுமியிடம் சொல்லிவைத்தாள்: "அத்தை, நாளைக்கு நம்ம வீட்டுல சென்சார் எப்பிடின்னு காட்டப்போறேன். எல்லாரும் வாங்க."

இதை சொர்ணலட்சுமியிடம் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் மத்தியானம் கூடம் நிரம்பி, முற்றம் நிரம்பி, ஜன்னலில் தலை தொங்கியது. வெட்டின துண்டுகளையெல்லாம் சேர்த்து ஓட்டப்போகிறாளாம் என்று தெருவுக்குள் பேச்சு. பெண்கள் சாத்தூர்ச் சேவு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தங்கப்பாண்டியன், திரை இருக்குமோ இருக்காதோ என்று, வெள்ளை வேட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"அக்கா, இத எந்தச் செவத்துல கட்டட்டும்?"

"இடுப்புல கட்டு," என்றாள் பெனாசிர். "இங்க படம் கெடையாது."

பெரிய பெருமூச்சு ஒன்று கிளம்பியது. இருந்தாலும் யாரும் எழுந்து போகவில்லை. சேவு மிச்சம் இருந்தது.

சோப்புப்பெட்டி அளவில் அவள் செய்த கருவியை ஸ்டூலில் வைத்தாள். பக்கத்தில் பட்டைகள். முதலில் இரண்டு தம்ளர் தண்ணீர், ஒன்றில் சீனி. எது எதில் என்று தனக்குத் தெரியாமல் ஹாதியாவை மாற்றி வைக்கச் சொன்னாள். ஒரு சொட்டு விட்டாள், நம்பர் ஏறவில்லை. அடுத்ததில் விட்டாள், குபுகுபுவென்று ஏறியது. ஜன்னலில் இருந்து ஒருவர் கைதட்டினார்.

"நாக்கே இல்லாம ருசி பாக்குது!" என்றாள் சொர்ணலட்சுமி. "எங்க, எனக்குப் பாரு. நான் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெரதம். பச்சத் தண்ணிதான் காலையிலருந்து." ஒரு கையில் இருந்த சேவுப் பொட்டலத்தை முந்தானைக்குள் தள்ளிவிட்டு, மறு கையை நீட்டினாள். புது ஊசி, ஒரு பொட்டு ரத்தம், நம்பர். நல்ல நம்பர்தான். கடையில் வாங்கிய மீட்டரிலும் பார்த்தாள். கிட்டத்தட்ட அதே நம்பர். சொர்ணலட்சுமி விரலைத் தூக்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"இப்ப பைரோஜாக்காவுக்குப் பாரு. அவுக இனிப்பையே விட்டவுக. முட்டைதான் வரும்."

அங்கேதான் கதை திரும்பியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டர் பயமுறுத்தியதில் இருந்து பைரோஜா இனிப்பை விட்டுவிட்டாள். விட்டதோடு இல்லை, வீட்டில் எல்லோரையும் விட வைத்தாள். பெருநாளைக்குக்கூட அந்த வீட்டுப் பாயாசத்தில் சீனி இருக்கிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவில் யார் லட்டு தின்றாலும் அவள் பிரசங்கம் இலவசம். இது எல்லோருக்கும் தெரியும். அரிசி டிரம்முக்குள் கையை முழங்கை வரை விட்டால் ஒரு தகர டப்பா தட்டுப்படும் என்பதும், அதற்குள் கருப்பட்டி மிட்டாய் இருக்கும் என்பதும் மட்டும் யாருக்கும் தெரியாது.

"எனக்கு எதுக்கு?" என்றாள் பைரோஜா.

"பயமாக்கா?" என்றாள் சொர்ணலட்சுமி.

பயம் என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாக நீண்டுவிட்டது. ஊசி, பொட்டு, பட்டை. பெனாசிர் கருவியைப் பார்த்தாள். நம்பர் ஏறியது. ஏறியது. முந்நூறைத் தாண்டியும் நிற்க மனசில்லாமல் ஏறியது. கடை மீட்டரை எடுத்தாள். அதுவும் அதையே சொன்னது.

தலையை நிமிர்த்தி மாமியைப் பார்த்தாள். மாமியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணைப் பெனாசிர் அதுவரை பார்த்ததில்லை. நாக்கில் பேட்டரி வைத்த அன்றுகூட அதில் கோபம்தான் இருந்தது. இன்றைக்கு அந்தக் கண் கும்பிட்டது.

"எம்புட்டு? எம்புட்டு?" என்று கூடம் கேட்டது.

சொல்லிவிட்டால் முடிந்தது கதை. சென்சார் என்றால் என்ன என்று தெருவுக்கு ஒரே நம்பரில் புரிந்துவிடும். இனிப்பைப் பற்றி மாமி சொன்னது எல்லாம் பொய் என்றும் சேர்த்துப் புரிந்துவிடும். பெனாசிர் ஜெயிக்கலாம். ஆனால் தோற்ற மாமி வாசலைத் திறப்பாளா? அதற்கும் மேலே, அது மாமியின் ரத்தம். தெருவுக்குச் சொந்தமானது இல்லை.

பெனாசிர் கருவியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இத வெட்டியாச்சு."

"வெட்டியாச்சா?"

"ஆமா. பொதுமக்கள் பார்வைக்கு இல்ல. சென்சார்."

கூடம் இடிந்துவிழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. தங்கப்பாண்டியன் மட்டும் சிரிக்காமல் கெஞ்சினான். "அக்கா, அப்பிடி என்னதான்க்கா இருந்துச்சு? எனக்கு மட்டும் ஒரு தடவை."

"அது 'ஏ' சர்ட்டிபிகேட்டு. போயிட்டு வா."

எல்லோரும் போன பிறகு அடுப்படியில் பைரோஜா வந்து நின்றாள். கரண்டியை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"ஏன்டி சொல்லல?"

"உங்க ரத்தம் மாமி. டாக்டருட்ட சொல்லுவேன், உங்ககிட்டச் சொல்லுவேன். சொர்ணம் அத்தைட்ட எதுக்குச் சொல்லணும்? முந்நூத்துக்கு மேல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"டப்பாவப் பத்தி ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எந்த டப்பா?"

பைரோஜா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெனாசிர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அரிசி டிரம் பக்கம் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"அப்ப," என்று மெதுவாக ஆரம்பித்தாள் பைரோஜா, "மனுசன் ரத்தத்துக்குள்ள ஓடுறதை நீ பாப்பே. ஊருக்குக் காட்டக் கூடாததைக் காட்ட மாட்டே. எது ஆகாதோ அத வெட்டச் சொல்லுவே."

"ஆமா மாமி."

"அதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்? சென்சாருன்னு?"

பெனாசிர் ஏழு வருஷப் படிப்பு, டாக்டர் பட்டம், அச்சில் வந்த கட்டுரைகள், எல்லாவற்றையும் ஒரு ஓரமாக வைத்தாள்.

"நீங்க சொன்னதுதான் மாமி சரி."

"பெறகு என்ன? எனக்குத் தெரியாத வேலையா?" பைரோஜா முந்தானையை உதறினாள். "போயிட்டு வா. அந்த ஊரு ரத்தத்தையும் பாரு. அவனுக கேக்காத்தான் திம்பானுக, வெட்டுறதுக்கு நெறைய இருக்கும்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சொர்ணலட்சுமியை நிறுத்தி அவளே விளக்கினாள். "சென்சாருன்னா ரத்தத்தைப் பாக்குறது. பயாஸ்கோப்புன்னு நீ ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கே."

"நீங்கதானக்கா பயாஸ்கோப்புன்னீக!"

"பயோன்னேன். மில்லு சத்தத்துல ஒனக்கு ஸ்கோப்பும் சேந்து கேட்டிருக்கு."

சொர்ணலட்சுமிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் காது மேலேயே சந்தேகம் வந்தது.

பெனாசிர் புறப்பட்ட நாளில் வாசலில் மதுரைக்குப் போகிற கார் நின்றது. தங்கப்பாண்டியன் ஆயிரம்வாலா சரம் ஒன்றைத் தெருவில் நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தான். "அக்கா, சுவீடன்ல தலைவரு படம் வந்துச்சுன்னா பாத்து வெட்டுங்க," என்று காதோரம் சொல்லிவைத்தான். அவனுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. கமாலுதீன் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார். பெட்டி மேல், அவரே அடித்த ஸ்டிக்கரில், மகளின் பெயர். பெயரைச் சுற்றிப் பூ வேலைப் பார்டர். இதில் கரண்டு எதுவும் ஓடப்போவதில்லை என்பதால் மனசார நான்கு சுற்று போட்டிருந்தார். ஹாதியா அழுதுகொண்டே, அங்கே பிரிட்ஜில் பூசணத்தை மூடி வைக்கச் சொன்னாள்.

கடைசியாக பைரோஜா உள்ளே போனாள். அரிசி சலசலக்கிற சத்தம் கேட்டது. முழங்கை வரை அரிசித் தவிடு ஒட்டியிருக்க, ஒரு தகர டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து, தான் மகள் மாதிரி வளர்த்த பெனாசிரின் கைப்பைக்குள் திணித்தாள்.

"நெறைய இருக்கு. வீட்டுல இருந்தா யாராவது தின்னுருவாக."

"யாரு மாமி?"

"யாராவது. பேசாம கொண்டு போ."

பெனாசிர் அவளைக் கட்டிக்கொண்டாள். பையின் வாயைத் தைத்தது போல இறுக்கி மூடினாள். பிஸ்மி சொல்லி வலது காலை எடுத்து வைத்தாள். சரம் வெடிக்க ஆரம்பித்தது. புகைக்கு நடுவில், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு காரியாபட்டி அம்மாள் கேட்டாள்: "யாரு இந்தப் பொண்ணு? எங்க போறா?"

பைரோஜா வெடிச்சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்.

"எந்தம்பி மகதான். பயோ சென்சாருக்குப் போறா!"

அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். "என்னது? பயாஸ்கோப்பா?"

அது பெனாசிர் காதிலும் விழுந்தது. திருத்தலாம்தான். அவள் சிரித்துக்கொண்டே கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.